ஃபைல் திறக்க நேரமாகிறதா? ஆன்டிவைரஸைத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

“சார், ஆன்டிவைரஸ் போட்டதுலேருந்து சிஸ்டம் படுத்துடுச்சு. வந்து அதைத் தூக்கிட்டுப் போங்க.” வாரத்துக்கு ஒரு முறையாவது எனக்கு இப்படி ஒரு போன் வரும். டிடிபி சென்டர், ஸ்டுடியோ, ஆடிட்டர் அலுவலகம், பள்ளி அலுவலகம் என்று இடம் மாறும், புகார் மாறாது. போய்ப் பார்த்தால் சில இடங்களில் அவர்கள் சொன்னது சரியாக இருக்கும். வேறு சில இடங்களில் ஹார்டு டிஸ்க் கடைசி மூச்சில் கிடக்கும், பழி மட்டும் ஆன்டிவைரஸ் தலையில் விழுந்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் செய்வதை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், பதற வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டித் தெரிந்தால் போதும். ஃபைலைத் திறக்கும்போதும், எழுதி மூடும்போதும் ஆன்டிவைரஸ் அதை வாசலில் நிறுத்திச் சோதிக்கிறது. அதனால் அளவை விட எண்ணிக்கைதான் நேரத்தைத் தின்னும். 1 ஜிபி வீடியோ என்றால் வாசலில் ஒரே ஆள். அதே 1 ஜிபி நாற்பதாயிரம் சின்ன ஃபைல்களாக இருந்தால் நாற்பதாயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

ஒரு ஸ்டுடியோவில் நடந்தது. ஆல்பம் டிசைன் செய்யும் சிஸ்டம். கல்யாணப் படங்கள் உள்ள ஃபோல்டரை டி டிரைவிலிருந்து இ டிரைவுக்குக் காப்பி செய்ய ஆறு நிமிடம் ஆகிறது என்று உரிமையாளர் என் கண்முன்னே காட்டினார். பிறகு ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு அதே ஃபோல்டரை மறுபடி காப்பி செய்தார். ஒன்றரை நிமிடம்தான் ஆனது. “இப்ப என்ன சொல்றீங்க?” என்றார். ஆன்டிவைரஸைத் திரும்பப் போட்டு மூன்றாவது முறை காப்பி செய்யச் சொன்னேன். அப்போதும் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அவருக்குப் பேச்சே வரவில்லை.

காரணம் எளிது. ஒரு முறை படித்த ஃபைலை விண்டோஸ் ரேமில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது முறை அதே ஃபோல்டரைக் காப்பி செய்தால் பெரும்பகுதி ரேமிலிருந்தே வரும். போதாததற்கு, ஏற்கெனவே சோதித்து ‘சுத்தம்’ என்று குறித்துவைத்த ஃபைலை ஆன்டிவைரஸ்களும் அடுத்த முறை சட்டென்று விட்டுவிடும். ஆக, யார் மேலும் தப்பில்லாவிட்டால்கூட இரண்டாவது முறை வேகமாகத்தான் இருக்கும். ஆன்டிவைரஸைத் தூக்கியதும் வேகம் வந்துவிட்டது என்று சொல்லும் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சரியாகச் செய்யும் முறை இது:

1. ஒரே வகை ஃபைல்கள், ஏறக்குறைய ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை உள்ள இரண்டு வெவ்வேறு ஃபோல்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அன்று திறக்கப்படாதவையாக இருக்கட்டும்.
2. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் அது முழுதாக அணைவதில்லை. திரை வந்ததும் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.
3. ஆன்டிவைரஸ் ஓடும்போது முதல் ஃபோல்டரைக் காப்பி செய்யுங்கள். மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரத்தைக் குறியுங்கள்.
4. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், பென்டிரைவ் எதுவும் செருகியிருக்கக் கூடாது. இப்போது அந்த வாசல் சோதனையை, அதாவது ரியல் டைம் ப்ரொடெக்ஷனை மட்டும் நிறுத்திவிட்டு இரண்டாவது ஃபோல்டரைக் காப்பி செய்யுங்கள்.
5. உடனே ப்ரொடெக்ஷனைத் திரும்பப் போடுங்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டராக இருந்தால் மறந்தாலும் கொஞ்ச நேரத்தில் தானே திரும்ப ஓட ஆரம்பிக்கும். மற்றவற்றில் அந்த உத்தரவாதம் கிடையாது.

வித்தியாசம் கால் பங்குக்குள் இருந்தால் அதை இயல்பு என்று நான் விட்டுவிடுவேன். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வந்தால் ஆன்டிவைரஸுக்குப் பங்கு இருக்கிறது. வித்தியாசமே இல்லையென்றால் அதை விட்டுவிட்டு டிஸ்க்கையும் ரேமையும் பாருங்கள்.

## அறிகுறி: ஆன் செய்து அரை மணி நேரத்துக்கு எதுவும் நகரவில்லை

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் என்ற தலைப்பைச் சொடுக்கினால் டிஸ்க்கை அதிகம் பயன்படுத்துவது யார் என்று மேலே வரும். வழி இங்கே மூன்றாகப் பிரிகிறது.

### மேலே நிற்பது ஆன்டிவைரஸ்

டிஃபெண்டர் இந்தப் பட்டியலில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ என்ற பெயரில் இருக்கும். பலர் இதையே வைரஸ் என்று நினைத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். நிறுத்தவும் முடியாது, நிறுத்தவும் வேண்டாம்.

காலையில் மட்டும் இப்படி இருந்தால், பெரும்பாலும் ராத்திரி ஓட வேண்டிய சோதனை இப்போது ஓடுகிறது என்று பொருள். விண்டோஸின் பராமரிப்பு வேலைகளுக்கு வழக்கமான நேரம் அதிகாலை 2 மணி. நம் ஊரில் கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவோம். அப்புறம் எங்கே 2 மணிக்கு ஓடுவது? விட்டுப்போன வேலை, சிஸ்டம் சும்மா இருக்கும் நேரம் பார்த்துத் தொடங்குகிறது. நீங்கள் டீ குடிக்கப் போன அந்தப் பத்து நிமிடம்தான் அதற்குக் கிடைக்கும் முதல் ‘சும்மா’.

செலவில்லாத தீர்வு: வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீங்களே ஒரு குவிக் ஸ்கேன் ஓட்டிவிடுங்கள். கொஞ்சம் தெரிந்தவர் என்றால் டாஸ்க் ஷெட்யூலரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று உள்ளே போனால் ஷெட்யூல்டு ஸ்கேன் என்ற வரி இருக்கும். அதில் ஒரு ட்ரிகர் சேர்த்து, மதியம் ஒன்றரை மணி என்று வையுங்கள். வேறு ஆன்டிவைரஸ் என்றால் அதன் செட்டிங்ஸிலேயே நேரம் மாற்றும் இடம் இருக்கும்.

### மேலே நிற்பது வேறு யாரோ

விண்டோஸ் அப்டேட், தேடலுக்காக ஃபைல்களைப் பட்டியலிடும் சர்ச் இன்டெக்ஸர், கிளவுட் ஒத்திசைவு ஆகியவைதான் அடிக்கடி கண்ணில் படும். இன்டெக்ஸர் ஒரு வம்பு. அது ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படிக்கும். திறக்கிற ஒவ்வொன்றையும் ஆன்டிவைரஸ் சோதிக்கும். பார்ப்பவருக்கு இருவரும் சேர்ந்து ஓடுவது போலத் தெரியும். கிளப்பிவிட்டது இன்டெக்ஸர்தான். பழைய பேக்கப் ஃபோல்டர்களை இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் போய் நீக்கிவிட்டால் இருவரும் அடங்குவார்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா என்றும் பாருங்கள். 4 ஜிபி ரேம், ப்ரவுசரில் இருபது டேப் என்றால் ரேமில் இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அங்கே ஆன்டிவைரஸுக்கு வேலையே இல்லை. 8 ஜிபி ஆக்கினால் தீர்ந்துவிடும்.

### டிஸ்க் 100 சதவீதம், ஆனால் யாரும் பெரிதாக எதுவும் செய்யவில்லை

எனக்குக் கவலை தரும் கிளை இதுதான். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். வேகம் விநாடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்று தவழ்ந்துகொண்டு, ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ நூற்றுக்கணக்கான மில்லி விநாடியில், சில சமயம் ஆயிரத்தைத் தாண்டி நின்றால் டிஸ்க் மேல் சந்தேகப்படுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நீலம் அல்லது பச்சை வந்தால் நலம். மஞ்சள் ‘காஷன்’ வந்தால் பெரும்பாலும் சில செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) கெட்டுப்போயிருக்கின்றன என்று பொருள்.

மஞ்சளைப் பார்த்ததும் எல்லாச் சோதனையையும் நிறுத்துங்கள். முக்கியமாக ஃபுல் ஸ்கேன் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கவைத்தால் மிச்சமிருக்கும் உயிரும் அதிலேயே போகும். முதலில் முக்கியமான ஃபைல்களை வெளியே காப்பி செய்யுங்கள். காப்பி நடுவில் நிற்கிறது, அல்லது டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது என்றால் பவரை அணைத்துவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். அதற்கு மேல் வீட்டில் முயல வேண்டாம்.

டிஸ்க் நலமாகவே இருந்தும் அது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், எஸ்எஸ்டி மாற்றுவதுதான் செலவுக்கு ஏற்ற பலன் தரும். சின்னச் சின்ன ஃபைல்களை அங்குமிங்கும் தேடி எடுப்பதில் ஹார்டு டிஸ்க் மிக மெதுவு. ஆன்டிவைரஸுக்குத் தேவைப்படுவதோ அதே வேலைதான். எஸ்எஸ்டி போட்ட பிறகு அதே ஆன்டிவைரஸ் மேல் யாரும் புகார் சொல்லி நான் கேட்டது அபூர்வம்.

## அறிகுறி: ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கிறது

பெரும்பாலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டர், அல்லது ஆயிரக்கணக்கில் படம் உள்ள ஃபோல்டர்.

முதலில் இலவசமான வழி. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், கஸ்டமைஸ். ‘ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்’ என்ற இடத்தில் பிக்சர்ஸ் என்று இருந்தால் ஜெனரல் ஐட்டம்ஸ் என்று மாற்றுங்கள். டவுன்லோட்ஸில் ஒரு சில படங்கள் இருந்தாலே விண்டோஸ் அதைப் படக் களஞ்சியம் என்று முடிவு செய்து, திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் தலையை விட்டுப் பார்க்கும். அது தலை விடுகிற ஒவ்வொரு ஃபைலும் சோதனைக்குப் போகும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பேர் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது, அந்த ஃபோல்டரில் கிடக்கும் பழைய செட்டப் ஃபைல்களும் ஜிப்களும். மூன்று வருடத்து பிரிண்டர் டிரைவர், ஒரே ஜிப்பின் ஐந்து நகல்கள் எல்லாம் வேண்டுமா? ‘செட்டப் குப்பை’ என்று ஒரு துணை ஃபோல்டர் போட்டு உள்ளே தள்ளினாலும் சரி.

ஸ்டுடியோக்காரர்களுக்கு: ரா படங்கள் உள்ள ஃபோல்டரை டீட்டெய்ல்ஸ் பார்வையில் திறங்கள். சின்னப் படம் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு லைட்ரூம் போன்றவை இருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரை வைத்து ஆறாயிரம் படம் பார்ப்பது, கரண்டியால் கிணறு இறைக்கிற வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் ஊர்ந்தால், கீழே சொல்லும் எக்ஸ்க்ளூஷன் (இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே என்று ஆன்டிவைரஸுக்குச் சொல்லும் விலக்கு) பக்கம் வாருங்கள். டவுன்லோட்ஸுக்கு மட்டும் அது கிடையவே கிடையாது.

## அறிகுறி: பெரிய ஃபைல் பறக்கிறது, சின்ன ஃபைல்கள் நகரவில்லை

இதில் ஒரு பகுதி இயற்கை. ஆன்டிவைரஸே இல்லாத சிஸ்டத்திலும் பத்தாயிரம் சின்ன ஃபைல்கள் மெதுவாகத்தான் போகும். டிடிபி சென்டரில் ஃபான்ட் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துப்போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

முதல் வேலை, ஃபோல்டரை ஒரே ஜிப்பாகக் கட்டி அந்த ஒரு ஃபைலைக் காப்பி செய்யுங்கள். பென்டிரைவ் என்றால் செருகிய துளையையும் பாருங்கள். 2.0 துளையில் விநாடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளைகள் பல நேரம் அந்த வகைதான். பின்பக்கம் நீல நிறத் துளையில் செருகிப் பாருங்கள். சில ஆன்டிவைரஸ்கள் பென்டிரைவ் செருகியதுமே முழுதும் சோதிக்க ஆரம்பிக்கும். ஓரத்தில் வரும் சின்ன ஜன்னலில் அது முடியும்வரை பொறுத்துவிட்டுக் காப்பியைத் தொடங்கினால், இரண்டு வேலையும் மோதிக்கொள்ளாது.

நிரல் எழுதுபவர்களுக்குத் தனிக் கதை. ஒரு ப்ராஜெக்டுக்குள் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் இருந்தால் அதிலேயே பல்லாயிரம் ஃபைல்கள் இருக்கும்; ஒரு பில்ட் ஓட்டினால் அத்தனையும் திறந்து மூடும். விண்டோஸ் 11-ல் டெவ் டிரைவ் என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது 50 ஜிபி ஒதுக்கி அதை உருவாக்கினால், அந்த டிரைவில் ஃபைல் திறப்பதை நிறுத்தி வைக்காமல் டிஃபெண்டர் சோதனையைப் பின்னால் செய்துகொள்ளும். எக்ஸ்க்ளூஷன் கொடுப்பதை விட இதுதான் எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் சோதனை நின்றுபோவதில்லை.

## அறிகுறி: சர்வரில் உள்ள ஃபைல் மட்டும் மெதுவு

ஆடிட்டர் அலுவலகம், மொத்த வியாபாரக் கடை, நான்கைந்து சிஸ்டம், ஒரு சர்வர், டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா சர்வரில். நான் அதிக நேரம் செலவழித்தது இந்த இடங்களில்தான்.

ஜூலை கடைசி வாரம், வருமான வரித் தாக்கல் நெருக்கடி. ஓர் அலுவலகத்தில் ஒரு வவுச்சர் சேவ் ஆக எட்டு விநாடி. போன வாரம்தான் ஆன்டிவைரஸைப் புதுப்பித்திருந்தார்கள், அதனால் தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. நான் சர்வரிலிருந்து ஒரு பெரிய வீடியோவைக் காப்பி செய்து பார்த்தேன். வேகம் விநாடிக்கு 11 எம்பியில் போய் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இப்படி 11, 12-ல் ஆணி அடித்தாற்போல் நின்றால் அது ஆன்டிவைரஸ் இல்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பின் உச்சமே அவ்வளவுதான். நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடு 100 என்றே காட்டியது. 1000 காட்ட வேண்டும். மேசையை நகர்த்தியபோது ஒரு கால் கேபிள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நெட்வொர்க் கேபிளில் எட்டு கம்பிகள். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும், நூறுக்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒன்று போனால் ஆயிரத்திலிருந்து நூறுக்கு இறங்கிவிடும், ஆனால் இணைப்பு வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கேபிள் மாற்றியதும் எட்டு விநாடி நான்காகக் குறைந்தது. மிச்ச நான்கில்தான் ஆன்டிவைரஸுக்குப் பங்கு இருந்தது. டேட்டா ஃபைலை சர்வரில் உள்ள ஆன்டிவைரஸ் ஒரு முறை சோதிக்கிறது, ஊழியரின் சிஸ்டத்தில் உள்ளது நெட்வொர்க் வழியாக இழுத்து இன்னொரு முறை சோதிக்கிறது. சர்வரில் அந்த டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு, ஊழியர் சிஸ்டங்களிலும் அதே பாதைக்கு விலக்கு, வேறு எதற்கும் இல்லை. வவுச்சர் பழையபடி சட்டென்று சேவ் ஆனது.

ஆக, இங்கே வரிசை: வைஃபையில் இருந்தால் கேபிளுக்கு மாறிப் பாருங்கள், கேபிளும் லிங்க் ஸ்பீடும் சரியா என்று பாருங்கள், ஸ்விட்ச் பழைய நூறு எம்பிபிஎஸ் வகையா என்று பாருங்கள், கடைசியாக விலக்கு.

சர்வரில் விண்டோஸ் சர்வர் பதிப்பு இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண விண்டோஸ் 10, 11-ல் வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். சர்வர் பதிப்பில் அப்படி ஒதுங்காது. இரண்டும் சேர்ந்து ஓடும். அதைச் சரிசெய்வது சர்வர் பராமரிப்பவரின் வேலை. அலுவலகமே அந்த ஒரு பெட்டியை நம்பி இருக்கும்போது கையை வைத்துப் பழக வேண்டாம்.

## அறிகுறி: டபுள் கிளிக் செய்தால் பத்து விநாடி சத்தமே இல்லை, பிறகு நாலு ஜன்னல் திறக்கிறது

நாலு ஜன்னல் ஏன் என்றால் நாலு முறை கிளிக் செய்ததால். முதல் கிளிக்கோடு கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

புதிதாக இறக்கிய செட்டப் ஃபைலுக்கு மட்டும் இப்படி என்றால் அது இயல்பு. இதுவரை பார்த்திராத ஃபைலை டிஃபெண்டர் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடில் விசாரித்துவிட்டுத்தான் விடும். பதில் வரும்வரை வழக்கமாக 10 விநாடி வரை நிறுத்தி வைக்கலாம். இன்டர்நெட் மெதுவாக இருக்கும் நாளில் இது நன்றாகவே உறைக்கும். அதை நிறுத்தாதீர்கள்.

தினமும் பயன்படுத்தும் மென்பொருளே ஒவ்வொரு நாளும் இப்படித் தாமதித்தால் ஒரு முறை அப்டேட் செய்து பாருங்கள். உடைத்த பதிப்பாக இருந்தால் மேலே படிக்க வேண்டாம். கிராக் செய்த ஃபைலை ஆன்டிவைரஸ் சந்தேகப்படுவது அதன் கடமை. அதற்கு நான் விலக்கு போட்டுத் தருவதில்லை.

## அறிகுறி: சேவ் செய்தால் தொங்குகிறது, அல்லது ‘அனுமதி இல்லை’ என்கிறது

இரண்டும் வேறு வேறு. தொங்கிவிட்டுச் சேவ் ஆகிறது என்றால், அந்த ஃபோல்டர் கிளவுடோடு ஒத்திசைவதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் போயிருப்பது பலருக்குத் தெரியாது. ஒத்திசைவைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்துச் சேவ் செய்து பாருங்கள்.

சேவ் ஆகவே மறுக்கிறது, அல்லது கண்முன்னே இருக்கும் ஃபோல்டரைக் ‘காணோம்’ என்று பிழை காட்டுகிறது என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் ப்ரொடெக்ஷன் பக்கம் போங்கள். கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் ஆன் ஆகியிருக்கலாம். அது தனக்குத் தெரியாத மென்பொருள் டாக்குமென்ட்ஸில் எழுதுவதைத் தடுக்கும். முழுதாக அணைக்காமல், ‘அலவ் ஆன் ஆப்’ என்ற இடத்தில் உங்கள் மென்பொருளை மட்டும் சேருங்கள்.

## எக்ஸ்க்ளூஷன்: எங்கே கொடுக்கலாம், எங்கே கூடாது

விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அந்தப் பக்கத்தின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். வேறு ஆன்டிவைரஸ் என்றால் அதன் செட்டிங்ஸில் இதே பெயரில் இருக்கும்.

கொடுக்கலாம்: கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், பெரிய வீடியோ ப்ராஜெக்ட் ஃபோல்டர், நீங்களே உருவாக்கிய படங்களின் ஃபோல்டர். முடிந்தவரை ஆழமான, குறுகிய பாதையாக இருக்கட்டும். டி டிரைவில் உள்ள ஒரு கம்பெனியின் ஒரு ஃபோல்டர் என்றால் அதை மட்டும்.

கொடுக்கவே கூடாது: முழு சி டிரைவ், முழு டி டிரைவ், டவுன்லோட்ஸ், டெம்ப், பென்டிரைவ் எழுத்து, மெயில் இணைப்புகள் இறங்கும் இடம், இஎக்ஸ்இ என்ற ஃபைல் வகை.

ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்கு முன்னால் வந்தவர் முழு டி டிரைவுக்கும் விலக்கு போட்டுவிட்டுப் போயிருந்தார். வேகம் நன்றாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து, மாணவர்கள் கொண்டுவரும் பென்டிரைவில் எல்லாம் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறுகின்றன என்று கூப்பிட்டார்கள். ஷார்ட்கட் வைரஸ் டி டிரைவில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது; ஆன்டிவைரஸ் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ப்ராசஸ் எக்ஸ்க்ளூஷன் என்றும் ஒன்று உண்டு. அந்த மென்பொருள் திறக்கிற எந்த ஃபைலையும் சோதிக்காதே என்று அதற்குப் பொருள். கொடுப்பதானால் பெயரை மட்டும் எழுதாமல் முழுப் பாதையையும் எழுதுங்கள். பெயரை மட்டும் கொடுத்தால், அதே பெயரில் வரும் வைரஸுக்கும் அந்தச் சலுகை கிடைத்துவிடும்.

## அறிகுறி: விலக்கு கொடுத்தும் ஒன்றும் மாறவில்லை

பாதை தவறாக இருக்கலாம். டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். உண்மையான ஃபோல்டர் வேறெங்கோ இருக்கும். நெட்வொர்க் டிரைவை இசட் என்ற எழுத்தில் இணைத்திருந்தால், இசட் என்று கொடுத்தால் போதாது; சர்வர் பெயரோடு தொடங்கும் உண்மையான பாதையைக் கொடுங்கள்.

அதுவும் சரி என்றால், எத்தனை ஆன்டிவைரஸ் ஓடுகிறது என்று எண்ணுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் செட்டிங்ஸ், மேனேஜ் ப்ரொவைடர்ஸ் என்று போனால் பட்டியல் வரும். லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகி ஓரமாகக் கிடக்கும். அதன் மேல் கடைக்காரர் கொடுத்த இன்னொன்று. நீங்கள் ஒன்றில் விலக்கு கொடுத்தீர்கள், சோதிப்பது மற்றொன்று. வேண்டாததை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கன்ட்ரோல் பேனலில் நீக்கியும் மிச்சங்கள் போகவில்லை என்றால், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தனியாக ஒரு நீக்கும் கருவி தருகிறார்கள். அதை அவர்களின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

இன்னும் பிடிபடவில்லை, அதேசமயம் ஆன்டிவைரஸ்தான் என்பதில் சந்தேகமும் இல்லை என்றால், டிஃபெண்டருக்கு பவர்ஷெல்லில் ஓடும் பெர்ஃபார்மன்ஸ் அனலைசர் இருக்கிறது. எந்த ஃபைல், எந்த மென்பொருள், எவ்வளவு சோதனை நேரம் என்று பட்டியலே போட்டுத் தரும். கட்டளைகள் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுங்கள். அரை மணி நேர வேலை.

## உடனே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய நிலை

ஃபைல் பெயர்களுக்குப் பின்னால் புதிதாக ஏதோ வால் முளைக்கிறது. நேற்றுத் திறந்த எக்செல் இன்று திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரே பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கிறது. டிஸ்க் ஓயாமல் ஓடுகிறது. இந்த மெதுவு ஆன்டிவைரஸால் வருவதில்லை. யாரோ உங்கள் ஃபைல்களைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், பேக்கப் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றுங்கள். பேக்கப்பைச் சரிபார்க்கிறேன் என்று அதை மறுபடி அந்த சிஸ்டத்தில் செருகிவிடாதீர்கள்.

ஆன்டிவைரஸ் தானாக அணைந்து, திரும்பப் போட முடியாமல் இருந்தாலும் இதே நடவடிக்கைதான். அலுவலக சிஸ்டத்தில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று காட்டினால், உங்கள் ஐடி பிரிவு உண்மையிலேயே அப்படிச் செய்ததா என்று கேளுங்கள். வீட்டு சிஸ்டத்தில் அப்படிக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

வருபவரிடம் “ஸ்லோவா இருக்கு” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஃபோல்டர், எத்தனை ஃபைல், ஆன்டிவைரஸ் ஓடும்போது எவ்வளவு நேரம், நிறுத்தியபோது எவ்வளவு, டிஸ்க்கின் ரெஸ்பான்ஸ் டைம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். யாராவது எக்ஸ்க்ளூஷன் போட்டிருந்தால் அதன் பாதையையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். வேலை முடிந்ததும் அவரையே ஐகார் சோதனை ஃபைலை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். 68 எழுத்து கொண்ட, தீங்கே இல்லாத ஃபைல் அது; எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இறங்கியதும் எச்சரிக்கை வந்தால் அவரை அனுப்பலாம். வரவில்லை என்றால் வேகத்துக்காக எதையோ அணைத்துவிட்டிருக்கிறார், உட்காரச் சொல்லுங்கள்.